தீர்ப்பு பொதுச்சொத்து, பெயருமா?

நாட்டின் எந்தக் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையும் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையின் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எஃப்ஐஆர் நகலுக்காகக் கைதானவரின் குடும்பம் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் நின்ற நிலையை மாற்றிய நல்ல உத்தரவு அது. ஆனால், அதே வழக்கு ஆதாரமில்லை என்று கைவிடப்பட்டாலோ, ஐந்தாறு ஆண்டுகள் நடந்து விடுதலையில் முடிந்தாலோ, அந்த முடிவை அதே இடத்தில் அதே வேகத்தில் ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. குற்றச்சாட்டு ஒரே நாளில் உலகத்தின் கண்முன் வந்துவிடுகிறது. குற்றமற்றவர் என்ற முடிவு, தேடிப் போகிறவருக்கு மட்டுமே கிடைக்கிறது. இணையத்தில் கிடக்கும் நீதிமன்ற ஆவணங்களால் ஒருவரின் தொழிலும் நற்பெயரும் சிதைவதைப் பற்றிப் பேசும்போது இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கு ஒன்று இந்தச் சிக்கலின் எல்லா முடிச்சுகளையும் காட்டுகிறது. 2011இல் விசாரணை நீதிமன்றம் ஒருவருக்குக் கடுமையான குற்றப்பிரிவுகளில் தண்டனை விதித்தது. 2014இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கு முடிந்தது, தீர்ப்பு அவருடைய பெயருடன் இணையத்தில் நின்றது. பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது குற்றச்சாட்டின் விவரங்கள்தாம். வெளிநாட்டில் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தபோது இந்தத் தீர்ப்பே அவருக்குத் தடையாக வந்தது. பெயரை நீக்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தை நாடினார். 2021 ஆகஸ்டில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தொடக்கத்தில் கோரிக்கையின் நியாயத்தைப் பரிவோடு அணுகியபோதும், உரிய சட்டம் வராமல் நீதிமன்றம் இதைச் செய்ய இயலாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர்.விஜயகுமார் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவும் ‘இந்தியன் கானூன்’ தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை நீக்கவும் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று அந்த ஆணைக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை நீக்கச் சொன்னால் விளைவுகள் பெரிதாக இருக்கும் என்ற கவலை அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் கவலை நியாயமானது. ஆனால், தீர்ப்பை நீக்குவதா, வைத்திருப்பதா என்ற இரண்டே வழிகளுக்குள் இந்த விவாதம் அடைபட்டுக் கிடப்பதுதான் பிழை. தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் எல்லோருக்கும் கிடைக்கட்டும். அதில் வரும் தனிமனிதரின் பெயர், யார் வேண்டுமானாலும் தட்டித் திறக்கும் சாவியாக இருக்க வேண்டுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், மோதிக்கொள்வதாகத் தோன்றும் இரண்டு உரிமைகளும் பெரும்பாலான வழக்குகளில் மோதவே இல்லை என்பது விளங்கும்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? குற்ற வழக்கில் சிக்கி மீண்டவர்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நிலுவைச் சம்பளத்துக்காகத் தொழிலாளர் நீதிமன்றம் போனவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ‘இவர் முதலாளி மேல் வழக்குப் போட்டவர்’ என்ற சேதி மனிதவளத் துறையின் மேசைக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். கூட்டாளி ஏமாற்றியதால் காசோலை திரும்பி வழக்கில் சிக்கி, பணத்தைக் கட்டிச் சமரசம் செய்துகொண்ட சிறு வணிகர் இருக்கிறார். சிகிச்சையில் கவனக்குறைவு என்று நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்கு உள்ளாகி, புகார் ஆதாரமற்றது என்று தள்ளுபடியான மருத்துவர் இருக்கிறார். ஆசிரியர், செவிலியர், கணக்குத் தணிக்கையாளர் போன்றோருக்கு நம்பிக்கைதான் மூலதனம். அவர்களுடைய தேடல் முடிவில் முதல் வரியில் ‘எதிர் அரசு’ என்ற இரண்டு சொற்கள் வந்தாலே போதும். இருபது பக்கத் தீர்ப்பைத் திறந்து கடைசிப் பத்தியைப் படித்துப் பார்க்கும் பொறுமை வேலை கொடுப்பவருக்கு இருக்காது. நீதி கேட்டுப் போனவரையே தண்டிக்கும் ஏற்பாடாக இது மாறும்போது, அடுத்தவர் நீதிமன்றம் போகத் தயங்குவார். திறந்த நீதிமன்றம் என்ற கொள்கைக்கே அது எதிரானது.

மணமுறிவு வழக்குகளின் நிலை இன்னும் மோசம். இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இவ்வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சொல்கிறது. வழக்கு விவரங்களை அச்சிடுவதோ வெளியிடுவதோ சட்டப்படி குற்றம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக்கூட நீதிமன்றத்தின் முன் அனுமதியோடுதான் வெளியிடலாம். 1955இல் இயற்றப்பட்டு, 1976இல் திருத்தப்பட்ட சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். இன்று மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் கணவனும் மனைவியும் ஒருவர் மேல் ஒருவர் சொன்ன அந்தரங்கக் குற்றச்சாட்டுகள், ஊர்ப் பெயர், வேலை, உடல்நலக் குறிப்புகளோடு இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இந்தச் சட்டத்தை மீறுவது யாரோ மூன்றாம் மனிதர் என்று சொல்லித் தப்ப முடியாது. பல நேரங்களில் ஏற்றுவது நீதிமன்றங்களின் சொந்த இணையதளங்கள்தாம்.

நீதிமன்றம் ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மூடிய கதவுக்குள் நடக்கும் விசாரணை கொடுங்கோன்மைக்கு வழி. மக்கள் பார்வையில் நடக்கும் விசாரணையே நீதிபதியை நேர்மையாக வைத்திருக்கும். நரேஷ் மிராஜ்கர் வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் குற்றவியல் நீதிமன்றம் திறந்த நீதிமன்றமாகவே இருக்க வேண்டும் என்கிறது. கவனித்தால், இந்தக் கொள்கையின் பார்வை முழுவதும் நீதிபதியின் மேலும், வழக்குத் தொடுக்கும் அரசின் மேலும்தான் இருக்கிறது. அதிகாரம் உள்ளவரைக் கண்காணிக்கத் திறக்கப்பட்ட கதவு அது. குற்றம் சாட்டப்பட்டவரை அவர் ஆயுள் முழுவதும் அண்டை வீட்டாரும் வருங்கால முதலாளியும் கண்காணிப்பதற்காக எந்த நீதிமன்றமும் கதவைத் திறக்கவில்லை.

காகிதக் காலத்தில் இந்த இரண்டும் தாமாகவே பிரிந்திருந்தன. தீர்ப்பு யாருக்கும் மறுக்கப்படவில்லை. ஆனால், ஒருவரின் பழைய வழக்கை அறிய எந்த ஊர், எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்று தெரிந்து, நகல் பிரிவில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். உண்மையான தேவை உள்ளவர் மட்டுமே அதைச் செய்வார். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று தகவல் கேட்ட வழக்கில், பல ஊர் நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் ஆவணங்களும் அவற்றையெல்லாம் ஒரே கணினியில் தொகுத்த பட்டியலும் ஒன்றாகா என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தாளும் பொதுவில் இருந்தாலும், அவற்றின் தொகுப்பு தனிமனிதரின் அந்தரங்கத்தைத் தொடுகிறது என்பது அதன் சாரம். வைய விரிவு வலை பரவுவதற்கு முன்பே சொல்லப்பட்ட தெளிவு அது. பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் உயிராகக் கருதும் நாட்டின் நீதிமன்றம் சொன்னது என்பதும் கவனத்துக்குரியது.

நம் நாட்டில் இவ்விவாதத்தின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுத்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றது; கூடவே, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் வந்துவிட்ட செய்திக்கு அந்த உரிமை பொருந்தாது என்றும் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த அருமையான தீர்ப்பு. ஆனால், இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்டில். ‘இந்தியன் கானூன்’ தொடங்கியது 2008இல். தீர்ப்பை எழுதிய நீதிபதிகள் மனதில் இருந்தது இதழாளர் ஒருவர் உழைத்துத் தேடி எடுக்கும் ஆவணம். இன்று நடப்பது வேறு. அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயரை, பொது ஆவணத்தில் இருந்தாலும், வெளியிடக் கூடாது. ஆக, ஆவணம் பொதுவாக இருக்கும்போதே பெயரை மட்டும் காக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நடைமுறையில் அதைத் தினமும் செய்தும் வருகிறோம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர் தீர்ப்பில் வராது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் பெயரை வெளியிட 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இந்தத் தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவதில் எந்த இடறலும் இல்லை. சட்ட மாணவர்களின் ஆய்வும் நின்றுபோகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜூலை 1 முதல், உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் வழக்குகளில் தனிமனிதரின் பெயருக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டுத் தீர்ப்புகளை வெளியிடுகிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் வெளியிடப்படும் தீர்ப்புகளில் தனிமனிதர் பெயர்கள் மறைக்கப்படுகின்றன. அந்நாடுகளில் நீதி இருட்டில் நடப்பதாக யாரும் குற்றம் சாட்டுவதில்லை. சட்டத்துக்குத் தேவை வழக்கின் உண்மைகளும் நீதிபதியின் காரணங்களும். வழக்கு எண் இருந்தால் எந்தத் தீர்ப்பையும் கண்டுபிடிக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிகக் கனமானதை மதுரைக் கிளையின் 2021 தீர்ப்பிலேயே காணலாம். நம்முடைய குற்றவியல் நீதிமுறையில் விடுதலை என்பது எப்போதும் குற்றமின்மைக்குச் சான்றாகிவிடாது. விசாரணை அலட்சியமாக நடக்கிறது, சாட்சிகள் பிறழ்கிறார்கள், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த நிலையில் விடுதலையானவர் எல்லாருடைய பெயரையும் எந்த அளவுகோலால் அழிப்பது என்று நீதிபதி கேட்டார். நேர்மையான கேள்வி. இதன் நிழல் வேலைவாய்ப்பு விதிகளிலும் விழுந்திருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரையும் ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே கருதச் சொல்கிறது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான ஆட்சேர்ப்பு விதி. இளமையில் ஊர்ச் சண்டை வழக்கில் கும்பலோடு பெயர் சேர்க்கப்பட்டதால் காக்கிச் சட்டை கனவை இழந்தவர்கள் இங்கே பலர். ‘கௌரவமான விடுதலை’ என்ற சொல்லே குற்றவியல் சட்டங்களில் கிடையாது, அது நீதிமன்றங்கள் உருவாக்கியது என்று 2012இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் குறிப்பிட்டது.

விசாரணை அலட்சியமாக நடந்தால் அந்தப் பிழை அரசுடையது. அதற்கான விலையைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் கொடுக்க வேண்டும்? ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. மெய்ப்பிக்கத் தவறினால் அவர் குற்றமற்றவர். சட்டத்தில் மூன்றாவது நிலை இல்லை. தேடுபொறிதான் அந்த மூன்றாவது நிலையை உருவாக்கி, தண்டனை விதிக்கப்படாதவருக்கு முடிவில்லாத் தண்டனையை விதிக்கிறது. மேலும், ‘இந்தியச் சிறைப் புள்ளிவிவரம் 2022’ சொல்வதைப் பாருங்கள்: சிறைகளில் இருப்போரில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர்கள். அவர்களுக்கு ஜாமீன் மறுத்த உத்தரவு முதலிலேயே இணையத்துக்கு வந்துவிடும். கீழமை நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரும்போது அதைத் தேட எவருக்கும் ஆர்வம் இருக்காது.

பெயரை மறைக்கும் வழி திறந்தால் ஊழல் அரசியல்வாதியும் கொள்ளையடித்த நிதி நிறுவன அதிபரும் முதலில் நுழைவார்கள் என்பது அடுத்த அச்சம். தேர்தலில் நிற்பவர் தன் மீதான வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்ற உரிமையை 2002இல் போராடித்தான் வாங்கினோம். அதில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது. பொதுப் பதவியில் இருப்பவர், அப்பதவிக்காக நிற்பவர், மக்கள் பணத்தைக் கையாண்டவர், தண்டனை உறுதியானவர் ஆகியோரை இந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். கவனக்குறைவு உறுதியாகி இழப்பீடு கொடுத்த மருத்துவரின் பெயரையும் மறைக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு அதை அறியும் உரிமை உண்டு. உண்மையில் இன்றைய முறைதான் வலியவருக்குச் சாதகமானது. பெயரை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட, மேல்முறையீடு செய்ய, டெல்லி வரை போக யாரால் முடியும்? பணம் உள்ளவரால் மட்டுமே. எல்லோருக்கும் தாமாகவே பொருந்தும் விதி வந்தால், திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பைச் சுட்டி எழுப்பப்படும் எதிர்ப்பை நான் இலகுவாகக் கடந்துபோக மாட்டேன். ஒரே ஆள் மேல் இரண்டு மூன்று முறை புகார் வந்து, மூன்றிலும் சாட்சிகள் மிரட்டப்பட்டு அவர் விடுதலையாகியிருக்கலாம். பள்ளி அவரை வேலைக்கு எடுப்பதற்கு முன் அந்தச் சேதி தெரிந்தாக வேண்டும். அதற்குச் சரியான வழி காவல் துறைச் சரிபார்ப்பு. நீதிமன்றத்தின் மூலக் கோப்பும் காவல் துறைப் பதிவும் அப்படியே இருக்கும்; சட்டப்படி கேட்கும் தகுதி உள்ள நிறுவனம் கேட்டுப் பெறலாம். பள்ளிகளும் விடுதிகளும் அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் கூகுளில் பெயரைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது குழந்தைகளைக் காக்காது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கும் ஊரில் அது தவறான ஆளைத் தண்டித்து, சரியான ஆளைத் தப்பவிடும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

தண்டனை பெற்றவர்களின் வழக்கில்கூட, கவனமாக எடைபோட முடியும் என்பதற்கு லண்டனில் 2018 ஏப்ரலில் வந்த தீர்ப்பு சான்று. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தண்டனை பெற்ற இரண்டு தொழிலதிபர்கள், தம்மைப் பற்றிய பழைய செய்திகளைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கூகுள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவர் செய்த தவற்றுக்கு வருந்தியவர். அவருடைய இன்றைய தொழிலுக்கும் பழைய குற்றத்துக்கும் தொடர்பில்லை. அவர் வென்றார். மற்றவர் இன்னும் வணிகத்தில் இருந்துகொண்டு, தன் கடந்த காலம் பற்றிப் பொய்யான சித்திரத்தைப் பரப்பி வந்தவர். அவர் தோற்றார். தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் கழிந்தால் பழைய குற்றத்தைக் காலாவதியானதாகக் கருதும் சட்டம் பிரிட்டனில் 1974 முதல் இருக்கிறது என்பதால், அந்த நீதிபதிக்குக் கையில் ஓர் அளவுகோல் இருந்தது. நமக்கு அப்படி ஒன்று இல்லை.

இல்லாததன் விளைவு, நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும் நீதி. 2017 ஜனவரியில் குஜராத் உயர் நீதிமன்றம் இத்தகைய கோரிக்கையை நிராகரித்தது. அதே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் பெயரை மறைக்க ஒப்புக்கொண்டது. போதைப்பொருள் வழக்கில் விடுதலையாகி, சட்டம் படித்தும் வேலை கிடைக்காமல் தவித்தவருக்கு 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தந்தது. 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் குடும்ப வழக்குகளில் பெயரை மறைக்கலாம் என்றது. மற்ற வழக்குகளுக்கு எல்லை வகுப்பதைச் சட்டமன்றத்திடம் விட்டது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்த பிறகும் இதுதான் நிலை. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால், நீதிமன்றங்கள் தம் பணிக்காகக் கையாளும் தரவுக்கு விலக்கு அளித்துவிட்டது. இதில் மிகவும் வேதனை தருவது, பெயரை மறைக்கச் சொல்லி வழக்குப் போட்ட பலரின் பெயராலேயே அந்த வழக்குகள் சட்ட நூல்களில் அழைக்கப்படுகின்றன. நிவாரணம் கேட்டதே புதிய காயமாகிவிட்டது.

ஏற்கெனவே பரவிவிட்டதை இனி அள்ள முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இனி ஏற்றப்போகும் ஆவணங்களில் பெயரை மறைத்து ஏற்றினால் அள்ள வேண்டிய தேவையே வராது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பிறகு இதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஜெர்மனியில் பல ஆண்டுகள் நீதிமன்றச் செய்தி எழுதிய பத்திரிகையாளர் ஒருவரை, அவர் எழுதிய வழக்குகளின் குற்றவாளி அவரே என்று 2024இல் அத்தகைய செயலி ஒன்று காட்டியது. பெயரும் குற்றமும் ஒரே பக்கத்தில் இருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. சாட்சியின் பெயரும் தீர்ப்பில்தான் இருக்கிறது. அவரையும் குற்றவாளி ஆக்க இந்த இயந்திரங்களுக்கு அதிக நேரம் ஆகாது. பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. கைதை முதல் பக்கத்தில் போட்டு, விடுதலையைப் போடாமலே விடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பழைய செய்தியின் இணையப் பக்கத்தில் ‘இவ்வழக்கில் இவர் விடுதலை செய்யப்பட்டார்’ என்ற ஒற்றை வரியைச் சேர்ப்பது எந்தச் செய்தி நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை.

இன்று இந்தச் சிக்கலில் இருப்பவர்கள், இறுதித் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருப்பதும், வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதி அந்த நகலை இணைப்பதும் நல்லது. வழக்கை மறைத்ததாலேயே வேலை போனவர்கள் உண்டு. குடும்ப வழக்கு நடத்துபவர்கள், தீர்ப்பு வருவதற்கு முன்பே பெயரை மறைக்கும்படி தங்கள் வழக்கறிஞர் மூலம் கேட்கலாம். ஆனால், தனிமனிதர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளட்டும் என்று அரசும் நீதிமன்றமும் ஒதுங்கிவிட முடியாது. 2023 செப்டம்பரில் மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. பழைய கோப்புகளையெல்லாம் எண்ம வடிவில் மாற்றுவது அதன் முக்கியமான பணி. அதாவது, இணையம் வருவதற்கு முந்தைய வழக்குகளும் இனி தேடலுக்குள் வரக்கூடும். தீர்ப்பை எந்த வடிவில் இணையத்தில் ஏற்றுவது என்பது உயர் நீதிமன்றங்களின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. போக்சோ வழக்குகளில் பெயரை மறைக்கும் அதே பதிவுத்துறை, விடுதலையானவர், வழக்கு ரத்தானவர், மணமுறிவு வழக்கின் தரப்பினர், சம்பளம் கேட்டு வந்த தொழிலாளி ஆகியோரின் பெயர்களையும் ஏற்றுவதற்கு முன்பே மறைக்க முடியும். கோப்புகள் முழுவதும் கணினிக்குள் போய்விடும் முன், சென்னை உயர் நீதிமன்றம் அதற்கான விதியை வகுக்க வேண்டும்.